வேட்பாளர் விவாதத்துக்குப் போகும் வாக்காளருக்கு: கோலாலம்பூர், பினாங்கு

நம் நாட்டில் வேட்பாளர்கள் ஒரே மேடையில் ஏறி விவாதிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2022 மே 12 அன்று கோலாலம்பூரில் அன்வார் இப்ராஹிமும் நஜிப் ரசாக்கும் விவாதித்தபோது நாடே உட்கார்ந்து பார்த்தது. ஆனால் செந்தூலிலோ பிறையிலோ, உங்கள் தொகுதியில் நிற்பவர்களை ஒன்றாக உட்காரவைத்துக் கேள்வி கேட்க வேண்டுமென்றால் குடியிருப்போர் சங்கமோ, அரசு சாரா அமைப்போ, மாணவர் குழுவோ, ஊடகமோ முன்வந்து ஏற்பாடு செய்தால்தான் உண்டு. பல தொகுதிகளில் அதுவும் நடப்பதில்லை. அதனால் உங்கள் வட்டாரத்தில் ஒன்று நடக்கிறது என்றால் சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வராதீர்கள். கையில் ஒரு நல்ல கேள்வியோடு போங்கள், பதில்களை எழுதிக்கொண்டு திரும்புங்கள்.

முதலில் சுவரொட்டியைக் கவனமாகப் படியுங்கள். 'மக்கள் சந்திப்பு', 'டவுன்ஹால்' என்று போட்டிருப்பவற்றில் பாதி, ஒரே கட்சியின் செராமாதான், அதாவது பிரச்சாரப் பேச்சுக் கூட்டம்தான். ஏற்பாட்டாளர் பெயர் இருக்கிறதா, நடுவர் யார், எந்தெந்த வேட்பாளர் வர ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று பாருங்கள். 'அழைக்கப்பட்டுள்ளனர்' என்பதும் 'உறுதிப்படுத்தியுள்ளனர்' என்பதும் வேறு வேறு. செராமாவுக்குப் போவதில் தவறில்லை. ஆனால் அங்கே ஒலிபெருக்கி உங்கள் கைக்கு வராது, எதிர்த்தரப்பின் பதிலும் கிடைக்காது.

நாளும் குறைவு. 2022 பொதுத்தேர்தலில் வேட்புமனு நவம்பர் 5, வாக்களிப்பு நவம்பர் 19. 2023 பினாங்கு சட்டமன்றத் தேர்தலில் ஜூலை 29, ஆகஸ்டு 12. இரண்டிலும் இடைவெளி 14 நாள். மண்டபம் கிடைத்து வேட்பாளர்கள் ஒப்புக்கொள்ளவே இரண்டு மூன்று நாள் ஓடிவிடும். கடைசி நாள்களில் அவர்கள் இரவுக்கு மூன்று செராமா என்று ஓடிக்கொண்டிருப்பார்கள். ஆக, விவாதம் நடந்தால் நடுவில் உள்ள அந்த ஒரு வாரத்தில்தான் நடக்கும். வேட்புமனு நாளுக்கு முன்பே கேள்வியைத் தயார் செய்துவிடுங்கள்.

உங்கள் தொகுதி எது?

இதில் ஏமாறுபவர்கள் அதிகம். தேர்தல் ஆணையத்தின் மைஎஸ்பிஆர் செமாக் பக்கத்தில் அடையாள அட்டை எண்ணைப் போட்டால் உங்கள் நாடாளுமன்றத் தொகுதி, பினாங்குக்காரர் என்றால் சட்டமன்றத் தொகுதி, வாக்களிக்கும் இடம் எல்லாம் வரும். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்கள் தானாகவே வாக்காளர் ஆகிறார்கள். அப்படிப் பதிவாகும்போது மைகாட்டில் (அடையாள அட்டையில்) உள்ள முகவரியே தொகுதியைத் தீர்மானிக்கிறது. பட்டர்வொர்த்தில் பிறந்து செராஸில் வாடகைக்கு இருக்கும் பிள்ளை இன்னும் பாகான் தொகுதி வாக்காளராக இருக்கலாம். பிறகு மைகாட்டில் முகவரியை மாற்றினாலும் வாக்களிக்கும் தொகுதி தானாக மாறிவிடாது. தேர்தல் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் தேர்தலுக்கு வெகு முன்னால். சில ஏற்பாட்டாளர்கள் அந்தத் தொகுதி வாக்காளருக்கு மட்டுமே கேள்வி வாய்ப்புக் கொடுப்பார்கள். செமாக் பக்கத்தைப் படம் பிடித்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோலாலம்பூரில் 11 நாடாளுமன்றத் தொகுதிகள், சட்டமன்றம் கிடையாது. பினாங்கில் 13 நாடாளுமன்றம், 40 சட்டமன்றம். 2022இல் பினாங்கு மக்கள் நாடாளுமன்றத்துக்கு மட்டும் வாக்களித்தார்கள், சட்டமன்றத்துக்கு அடுத்த ஆண்டுதான். எந்தத் தேர்தலுக்கான மேடை என்று தெரியாமல் போனால் கேள்வி வீணாகும்.

எது யார் கையில்?

விவாத மேடையில் வீணாகும் கேள்விகளில் பெரும்பாலானவை ஆள் மாறிக் கேட்ட கேள்விகள்தாம். வேட்பாளருக்கும் இது வசதி: 'அது என் அதிகாரத்தில் இல்லை, ஆனாலும் பேசிப் பார்க்கிறேன்' என்று சொல்லிவிட்டு உட்காரலாம். ஆகவே கேள்வி எழுதும் முன் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நகர மன்றத்துக்கு நாம் யாரும் வாக்களிப்பதில்லை. 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனில் நகராட்சித் தேர்தல் நடந்தது. மலாயாவின் முதல் தேர்தல்களில் அதுவும் ஒன்று. 1965இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன, இன்றுவரை திரும்பவில்லை. பினாங்கு மாநகர் மன்றத்துக்கும் செபராங் பிறை மாநகர் மன்றத்துக்கும் உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஒரு மன்றத்துக்கு அதிகபட்சம் 24 பேர். சாக்கடை, தெருவிளக்கு, அங்காடி உரிமம், பார்க்கிங் எல்லாம் அவர்கள் கையில். ஆகவே பாகான் டாலாம் சட்டமன்ற வேட்பாளரிடம் 'சாக்கடையைச் சரிசெய்வீர்களா' என்று கேட்பதைவிட, 'எங்கள் பகுதிக்கு உங்கள் கட்சி நியமிக்கும் மன்ற உறுப்பினர் மாதத்தில் எத்தனை நாள், எந்த இடத்தில் மக்களைச் சந்திப்பார்?' என்று கேட்பது கூர்மையான கேள்வி. நியமனத்தில் அவர் கட்சிக்குப் பங்கு இருக்குமானால் அவரால் தப்ப முடியாது.

கோலாலம்பூரில் நிலைமை இன்னும் கடினம். டிபிகேஎல் எனப்படும் கோலாலம்பூர் மாநகர் மன்றத்துக்கு டத்தோ பண்டார்தான் (மேயர்) தலைமை. அவர் நியமிக்கப்படுபவர், கூட்டரசுப் பிரதேசங்களுக்குப் பொறுப்பான அமைச்சரின் கீழ் வருபவர். பத்து, செபுத்தே, லெம்பா பந்தாய் என எந்தத் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் டிபிகேஎல் முடிவில் வாக்கு கிடையாது. அவர் செய்யக்கூடியது: நாடாளுமன்றத்தில் அமைச்சரைக் கேட்கலாம், டிபிகேஎல்லுக்கு எழுதலாம், பதிலை மக்கள் முன் வைக்கலாம், சேவை மையத்தை நடத்தலாம். கேள்வியை இந்த நான்கில் ஒன்றின் மேல் வையுங்கள்.

குப்பையில்கூட வித்தியாசம் உண்டு. திடக்கழிவுச் சட்டம் 672ஐ ஏற்றுக்கொண்ட இடம் கோலாலம்பூர். அங்கே அது கூட்டரசு விவகாரம். பினாங்கு அந்தச் சட்டத்தை ஏற்கவில்லை, மாநகர் மன்றங்களே பார்க்கின்றன. பினாங்கில் சாலைக் குழியைப் பற்றிக் கேட்பதற்கு முன் சாலை எண் பலகையைப் பாருங்கள்: எண்ணுக்கு முன்னால் 'P' எழுத்து இருந்தால் மாநிலச் சாலை, வெறும் எண் என்றால் கூட்டரசுச் சாலை, பலகையே இல்லாத தாமான் சாலை பெரும்பாலும் மன்றத்தினுடையது.

நிலமும் தண்ணீரும் மாநிலத்தின் கை. பினாங்கில் கோயில் நிலம், மயான நிலம், பழைய கம்பங்களின் நிலம் பற்றிய கேள்விகள் சட்டமன்ற வேட்பாளருக்கு உரியவை. பினாங்கின் பழைய தமிழர் குடியிருப்பான புவா பாலா கிராமம் 2009இல் இடிக்கப்பட்டதை மறக்காத வீடுகள் இன்னும் உண்டு. நிலம் கைமாறியது அதற்குச் சில ஆண்டுகள் முன்பே. நிலத்தைப் பற்றி வாக்குறுதி தருபவரிடம் 'இப்போது அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது?' என்று முதலில் கேட்டுவிடுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர், பள்ளிக் கட்டடம், மருத்துவமனை, போலீஸ், குடியுரிமை, சிவப்பு அடையாள அட்டை, பினாங்கு எல்ஆர்டி எல்லாம் கூட்டரசு. பினாங்கு மாநில அரசும் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் மானியம் தருவதால் அந்த ஒரு விஷயத்தில் இருவரையும் கேட்கலாம்.

ஐம்பது சொல்லில் ஒரு கேள்வி

கணக்கைப் பாருங்கள். நான்கு வேட்பாளர்கள், ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல இரண்டு நிமிடம், கேள்விக்கும் நடுவர் பேச்சுக்கும் சேர்த்து இரண்டு நிமிடம். ஒரு கேள்விக்குப் பத்து நிமிடம் போய்விடும். பார்வையாளர் கேள்விக்கு 40 நிமிடம் ஒதுக்கியிருந்தால் நான்கே கேள்விகள். மண்டபத்தில் 150 பேர் இருப்பார்கள். தனியாகப் போனால் உங்களுக்கு வாய்ப்பு வருவது அபூர்வம்.

அதனால் நாலைந்து வீட்டுக்காரர்கள் முன்னதாகவே தே தாரிக் கடையில் உட்கார்ந்து பேசி, ஒரே ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து பேர் ஐந்து விஷயம் எழுதிக் கொடுத்தால் ஒன்று எடுக்கப்படுவதே பெரிது. ஐந்து சீட்டிலும் அதே விஷயம் வந்தால் நடுவர் அதை ஒதுக்கத் தயங்குவார். சீட்டில் தொகுதிப் பெயரையும் தாமான் பெயரையும் மேலே எழுதுங்கள். வீட்டு எண், அடையாள அட்டை எண் வேண்டாம்.

ஒரு கேள்வி எப்படிக் கெட்டுப்போகிறது என்று பாருங்கள். கேட்பவர் பிபிஆர் என்ற அரசு மலிவு அடுக்குமாடியில் இருப்பவர்:

'ஐயா, நாங்கள் இருபது வருஷமாக இந்த பிபிஆர் வீட்டில் இருக்கிறோம். லிஃப்ட் எப்போதும் கெட்டுப்போகிறது, மேல்வீட்டுத் தண்ணீர் ஒழுகுகிறது, மோட்டார் நிறுத்த இடமில்லை, பிள்ளைகள் விளையாட இடமில்லை. எங்களுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?'

சொன்னது அத்தனையும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இதில் நான்கு குறை இருக்கிறது. வேட்பாளர் தனக்குச் சுலபமான ஒன்றை, பெரும்பாலும் விளையாட்டு இடத்தை எடுத்துக்கொண்டு, அங்கே ஒரு ஊஞ்சல் வாங்கிக் கொடுத்ததைப் பற்றி இரண்டு நிமிடமும் பேசுவார். லிஃப்ட் அப்படியே நிற்கும். இதையே இப்படிக் கேளுங்கள்:

'எல்லா வேட்பாளருக்கும் ஒரே கேள்வி. எங்கள் பிபிஆரில் மூன்று லிஃப்ட். இந்த ஆண்டில் இரண்டு லிஃப்ட் ஒரே நேரத்தில் நின்ற நாள் 19. பராமரிப்பு டிபிகேஎல் பொறுப்பு. வென்றால், பழுதுப் பதிவேட்டையும் பராமரிப்பு ஒப்பந்தத்தின் விவரத்தையும் டிபிகேஎல்லிடம் எழுத்தில் கேட்பீர்களா? எந்த மாதத்துக்குள்? வரும் பதிலை எங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவீர்களா?'

'எல்லா வேட்பாளருக்கும்' என்றதால் யாரும் ஒதுங்க முடியாது, நீங்கள் எந்தக் கட்சி என்று யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். எண்ணிக்கை இருப்பதால் 'சில சமயம் பழுதாகும்தான்' என்று மழுப்ப முடியாது. அந்த எண் உங்கள் வீட்டு நாள்காட்டியில் நீங்களே குறித்ததாக இருக்க வேண்டும். ஊகித்துச் சொன்னால் எதிர்க்கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். யார் பொறுப்பு என்று நீங்களே சொல்லிவிட்டதால் 'என் அதிகாரம் இல்லை' என்ற பதிலுக்கு வழியில்லை. கேட்டிருப்பதோ நாடாளுமன்ற உறுப்பினரால் உண்மையிலேயே செய்யக்கூடிய மூன்று காரியங்கள்தாம்.

கேள்வியை எழுதிவிட்டு, கைப்பேசியில் 30 வினாடி வைத்து உரக்கப் படித்துப் பாருங்கள். நிதானமாகப் பேசினால் தமிழில் நாற்பது ஐம்பது சொல்தான் அதற்குள் அடங்கும். மிஞ்சினால் வெட்டுங்கள்; முதலில் வெட்ட வேண்டியது உங்கள் சுய அறிமுகம்.

மொழி பற்றி. மேடை மலாயிலோ ஆங்கிலத்திலோ நடக்கலாம். நடுவர் அனுமதித்தால் தமிழில் கேளுங்கள், ஆனால் மலாய் வடிவத்தையும் தாளில் எழுதி வைத்திருங்கள். மொழிபெயர்ப்பவர் உங்கள் கேள்வியைப் பாதியாக்கிவிடுவது சகஜம். 'சோலான் சாயா உந்தோக் செமுவா சாலோன்' (என் கேள்வி எல்லா வேட்பாளருக்கும்) என்று தொடங்கி, முடிவில் 'தோலோங் ஜாவாப் யா அதாவ் தீடாக் டூலு' என்று முடியுங்கள். அதாவது, 'முதலில் ஆமா இல்லையா என்று சொல்லுங்கள், விளக்கம் பிறகு'. இந்த ஒரு வரி மேடையின் போக்கையே மாற்றும்.

பினாங்கில் தண்ணீரைப் பற்றிக் கேட்பதாக இருந்தால் கையில் விவரம் இருக்கட்டும். மாநிலத்தின் கச்சா நீரில் பெரும்பகுதி கெடா எல்லையில் ஓடும் சுங்கை மூடாவிலிருந்து வருகிறது. 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றியபோது பல பகுதிகளில் நாள்கணக்கில் குழாய் வறண்டது. 'அடுத்த முறை அப்படி நிறுத்தும்போது எங்கள் அடுக்குமாடிக்கு எந்த இடத்தில் லாரித் தண்ணீர் வரும் என்ற பட்டியலை எத்தனை நாள் முன்பு வெளியிட வைப்பீர்கள்?' என்பது சட்டமன்ற வேட்பாளர் பதில் சொல்லக்கூடிய கேள்வி.

கட்சித் தாவல் பற்றியும் பலர் கேட்பார்கள். 2022 அக்டோபர் 5 முதல் கட்சியை விட்டு விலகும் நாடாளுமன்ற உறுப்பினர் பதவியை இழப்பார். ஆனால் கட்சி நீக்கினால் பதவி போகாது, கட்சி முழுதாகக் கூட்டணி மாறினாலும் போகாது. ஆகவே 'தாவுவீர்களா' என்று கேட்காதீர்கள். 'உங்கள் கட்சி கூட்டணி மாறினால் எங்களிடம் வந்து சொல்வீர்களா, எப்போது?' என்று கேளுங்கள்.

இனம், மதம், அரச பீடம் தொடர்பான சொற்களில் கவனம் வேண்டும். இனங்களுக்கிடையே பகையைத் தூண்டுவது 1954 தேர்தல் குற்றச் சட்டத்திலேயே குற்றம். கோயில் நிலம் பற்றிக் கேட்கத் தடையில்லை. நிலத்தின் நிலை, விண்ணப்பம், கால அளவு என்று கேளுங்கள். வேறு சமூகத்துக்கு என்ன கிடைத்தது என்ற ஒப்பீட்டைத் தவிருங்கள். ஒப்பீடு வந்த நொடியில் நடுவர் ஒலிபெருக்கியை நிறுத்துவார், நிலத்தைப் பற்றிய பதிலும் போய்விடும்.

மண்டபத்தில்

எட்டு மணிக் கூட்டம் என்றால் ஏழேகாலுக்கே போய்விடுங்கள். கேள்விச் சீட்டு கொடுப்பது பெரும்பாலும் வாசலில், தொடங்குவதற்கு முன். நடைபாதை ஓரத்தில், நின்று கேட்கும் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்காருங்கள். ஒரே நிறச் சட்டையில் கூட்டமாக வந்திருப்பவர்கள் நடுவில் உட்காராதீர்கள். கைதட்டலில் பதில் காதில் விழாது. நீங்களும் கட்சி நிறச் சட்டை போட வேண்டாம், நடுவரின் கண் பொதுவானவரைத்தான் தேடும்.

கையில் ஒரு ஏ4 தாள், இரண்டு பேனா. தாளைக் குறுக்காகத் திருப்பி, ஒவ்வொரு வேட்பாளருக்கும் மேலிருந்து கீழாக ஒரு பத்தி, ஒவ்வொரு கேள்விக்கும் குறுக்கே ஒரு வரிசை என்று கோடு போட்டு வாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்றே விஷயம்: என்ன செய்வார், எப்போது, பணம் எங்கிருந்து. கைப்பேசியில் தட்டிக்கொண்டிருந்தால் அடுத்தவர் பதில் போய்விடும், வாட்ஸ்அப்பும் கூப்பிடும். பதிவு செய்வதென்றால் அனுமதி கேட்டுவிட்டு ஒலிப்பதிவு மட்டும் ஓடவிடுங்கள்.

பேசும்போது வினைச்சொல்லைப் பிடியுங்கள். 'செய்வேன்' என்றால் ஒரு புள்ளி. 'முயற்சி செய்கிறேன்', மலாயில் 'சூபா' என்றால் அரைப்புள்ளி. 'கவனத்தில் கொள்கிறோம்', 'கித்தா தெங்ஙோக் டூலு' (முதலில் பார்ப்போம்) என்றால் கட்டம் காலி. முந்தைய அரசாங்கத்தைக் குறை சொல்வது, மேலிடத்தைக் காட்டுவது, தீபாவளிக்கு அரிசி எண்ணெய் கொடுத்த கணக்கை வாசிப்பது எல்லாமே காலிக் கட்டம்தான். அரிசி கொடுத்தது நல்ல காரியமாகவே இருக்கட்டும், கேட்டது அதுவல்ல. பதவியில் இருந்தவர் 'இதை நாடாளுமன்றத்தில் பேசியிருக்கிறேன்' என்றால் எந்தத் தேதி என்று குறித்துக்கொள்ளுங்கள், தேதி சொல்லாவிட்டால் அதையும் குறியுங்கள். நாடாளுமன்ற இணையத்தளத்தில் ஹன்சார்ட் (பேச்சுகளின் பதிவு) எல்லாருக்கும் திறந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து தேடலாம்.

உங்கள் முறை வந்தால் எழுந்து நின்று, தாளைப் பார்த்துப் படியுங்கள். மனப்பாடமாகச் சொல்லப்போனால் கேள்வி பேச்சாக நீளும். வயதுக்கேற்ப ஐயா, அம்மா என்றோ, மலாயில் துவான், புவான் என்றோ அழைத்தால் போதும். இன்னும் வெல்லாதவரை ஒய்.பி. (மாண்புமிகு) என்று அழைக்க வேண்டாம். பதில் வராவிட்டால் ஒரே ஒரு முறை, 'ஐயா, எந்த மாதத்துக்குள் என்று கேட்டேன்' என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காருங்கள். வாதாடினால் கூட்டம் உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

சொந்த விவகாரத்தை, பிள்ளையின் குடியுரிமை, வீட்டு மனு போன்றதை, மேடையில் எடுக்காதீர்கள். நேரலையில் குடும்பத்தின் பெயர் ஊரெல்லாம் போகும். அதைச் சேவை மையத்தில் கொடுங்கள்.

ஏற்பாட்டாளர் வைக்கும் தேநீர், குவே பற்றிக் கவலை வேண்டாம். வேட்பாளர் தரப்பு பணமோ பற்றுச்சீட்டோ உணவோ கொடுத்து வாக்கைக் கவர்வது தேர்தல் குற்றம். வாங்காதீர்கள், நேரம், இடம், கொடுத்தவர் எந்தத் தரப்பு என்பதைக் குறித்து போலீஸிலோ எஸ்பிஆர்எம் என்ற ஊழல் தடுப்பு ஆணையத்திலோ புகார் செய்யலாம்.

ஒரு வேட்பாளர் வரவில்லை என்றால், காலி நாற்காலியைப் பார்த்தே முடிவு கட்டிவிட வேண்டாம். மறுத்தாரா, வேறு கூட்டமா, ஆள் அனுப்பினாரா என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். மறுநாள் காலையில் அதே கேள்வித் தாளை அவருடைய நடவடிக்கை அறையில் கொடுத்து, வாக்களிப்புக்கு இரண்டு நாள் முன்பாகப் பதில் வேண்டும் என்று எழுதுங்கள். முந்தைய நாள் இரவு 11.59க்குப் பிறகு பிரச்சாரமே கூடாது என்பதால் அதற்கு மேல் காத்திருந்து பயனில்லை.

வீடு திரும்பிய பிறகு

அன்றிரவே தாளைச் சுத்தமாக எழுதிப் படம் பிடியுங்கள். தாமான் குழுவில் போடுவதானால் வேட்பாளருக்கு ஒரு வரி போதும்: கேட்டது இது, சொன்னது இது, தேதி இது. உங்கள் கருத்தை அதே செய்தியில் கலக்காதீர்கள். முப்பது வினாடி வீடியோத் துண்டு எதுவும் வந்தால், உங்கள் ஒலிப்பதிவோடு ஒப்பிடாமல் அனுப்பாதீர்கள். கேள்வியை வெட்டிவிட்டுப் பதிலை மட்டும் ஒட்டிய துண்டுகள் அன்றிரவே சுற்றத் தொடங்கிவிடும்.

வென்றவர் பதவியேற்று 90 நாள் ஆனதும், தாளின் நகலோடு சேவை மையத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். விவாதம் நடந்த தேதி, மண்டபம், அவர் சொன்ன வாக்கியம், அவர் சொன்ன மாதம் ஆகிய நான்கும் முதல் பத்தியிலேயே இருக்கட்டும். இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றில் 'பெற்றுக்கொண்டோம்' என்று முத்திரையும் தேதியும் வாங்கி வீட்டில் வையுங்கள்.